முதற்பிரதியும் முற்பணமும்: நமது நூல் வெளியீட்டுப் பண்பாடு பற்றி ஒரு விமர்சனம்

அம்பாறைக் கரையோரத்தில் ஒரு நூல் வெளிவருவதற்கு முன்னர் அதற்கு அதிதிகள் இருக்கிறார்கள், வாசகர்கள் இருப்பதில்லை. பிரதம அதிதி யார், கௌரவ அதிதி யார், முதற்பிரதி பெறும் தனவந்தர் யார், மேடையில் எத்தனை கதிரை என்பதெல்லாம் அழைப்பிதழிலேயே முடிவாகிவிடும். இந்த நூலை எத்தனை பேர் வாசிக்கப்போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் எவரிடமும் கேட்கப்படாமல் கையெழுத்துப் பிரதியோடு அச்சகத்துக்குப் போய்விடுகிறது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று ஊருக்கூர் எழுத்தாளர் நிறைந்த மண் இது. புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன், மருதூர்க்கொத்தன், பஸீல் காரியப்பர், எம்.ஏ. நுஃமான், சோலைக்கிளி என்று நீளும் ஒரு வரிசை இந்தக் கரைக்கு உண்டு. இவ்வளவு எழுத்து விளைந்த இடத்தில் நூல் விற்பனை ஏன் இன்னும் விழா மண்டபத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

நான் முன்வைக்கும் கருத்து எளிமையானது. நூல் அச்சாவதற்கு முன்பே வாசகர் காசு கொடுத்துத் தன் பிரதியைப் பதிவு செய்யும் வழக்கம், எழுத்தாளருக்குப் பண உதவி என்ற அளவோடு நிற்பதில்லை. அது எழுத்தாளரின் சுதந்திரத்தையும், நமது விமர்சனத்தின் நேர்மையையும், நூலின் ஆயுளையும் தீர்மானிக்கும் விஷயம். இதைக் கொஞ்சம் வரலாற்றோடும் கொஞ்சம் கணக்கோடும் கொஞ்சம் பிக்ஹோடும் பார்க்கலாம்.

விழாவின் முன்பக்கங்கள்

நமது பிரதேசத்தில் கடந்த முப்பது நாற்பது வருடங்களில் வெளியான நூல்களில் ஒரு பத்தை எடுத்து, உள்ளடக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கங்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை என்று பன்னிரண்டு பதினைந்து பக்கங்கள் போகும். ஓர் அரசியல் பிரமுகர், ஓர் அதிகாரி, ஒரு பேராசிரியர், ஒரு தொழிலதிபர் வரிசையாக வருவார்கள். சிலவற்றில் நிழற்படமும் இருக்கும். இவர்களில் அரைவாசிப் பேர் கையெழுத்துப் பிரதியைத் திறந்து பார்க்கவில்லை என்பது அவர்கள் எழுதியதிலிருந்தே விளங்கிவிடும். கவிதைத் தொகுதிக்கு எழுதும் வாழ்த்துரையை அப்படியே கட்டுரைத் தொகுதிக்கும் போடலாம், ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லை.

இந்த முன்பக்கங்கள் ஓர் உண்மையைச் சொல்கின்றன. நூலுக்குக் காசு எங்கிருந்து வரப்போகிறது என்பதை எழுத்தாளர் அறிந்து வைத்திருக்கிறார். அது வாசகரிடமிருந்து வரப்போவதில்லை. விழாவில் முதற்பிரதி பெறுபவர் கடித உறையில் வைத்துத் தரும் தொகையிலிருந்தும், சிறப்புப் பிரதி பெறும் பத்துப் பதினைந்து பேரின் உறைகளிலிருந்தும் வரப்போகிறது. ஆகவே நூலின் முகம் அவர்களை நோக்கித் திரும்பி நிற்கிறது.

இதற்காகத் தனவந்தர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கொழும்பிலே புரவலர் ஹாசிம் உமர், தமது ‘புரவலர் புத்தகப் பூங்கா’ வழியாக, அதுவரை நூலே வெளியிடாதிருந்த எழுத்தாளர்கள் பலரின் முதல் நூல்களை வெளிக்கொணர்ந்தவர். கல்ஹின்னைத் தமிழ் மன்றத்தை நடத்திய எஸ்.எம். ஹனிபா, ஒரு மலையகச் சிற்றூரின் பெயரை நாடறிந்த பதிப்பகத்தின் பெயராக்கியவர். இப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் முஸ்லிம் எழுத்தின் ஒரு பகுதி அச்சையே கண்டிருக்காது. நான் கேட்பது வேறு. கொடை என்பது அவசர மருந்தாக இருந்திருக்க வேண்டும். அதை நாம் தினச் சாப்பாடாக்கி வைத்திருக்கிறோமே, அதனால் நமது எழுத்துக்கு என்ன நடக்கிறது?

நடப்பது இதுதான். விழா மேடையில் நூலாய்வு செய்பவர், புரவலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் காசு கொடுத்த நூலில் குறை சொல்ல முடியாது. ஆய்வுரை நயவுரையாகிவிடுகிறது. அந்த நயவுரை பத்திரிகையில் விமர்சனமாக வெளியாகிறது. பிறகு அடுத்த நூலின் பின்னட்டையில் மேற்கோளாகிறது. ஒரு தலைமுறை இளம் எழுத்தாளர்கள் தங்கள் எழுத்தில் எது நின்றது, எது விழுந்தது என்று ஒருவரும் சொல்லக் கேளாமலே மூன்றாவது தொகுதிக்குப் போய்விடுகிறார்கள். நமக்கு விமர்சகர்கள் இல்லை என்று மேடைக்கு மேடை கவலைப்படுகிறோம். விமர்சனம் பேச முடியாத ஒரு பண ஏற்பாட்டை வைத்துக்கொண்டு விமர்சகரைத் தேடினால் எங்கே கிடைப்பார்?

புரவலரிலிருந்து கையொப்பக்காரர் வரை

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் மணிமுடியான சீறாப்புராணமே புரவலர் வழியாக வந்ததுதான். சீதக்காதியின் வேண்டுகோளால் உமறுப்புலவர் பாடத் தொடங்கினார். சீதக்காதி மறைந்த பிறகு பறங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். ஏடும் எழுத்தாணியும் இருந்த காலத்துக்கு அது பொருத்தமான முறை. புலவர் ஒருவர், ஏடு ஒன்று, கேட்போர் ஒரு சபை. புலவரின் வயிற்றுப்பாட்டைப் பார்க்க ஒருவர் போதும்.

அச்சு வந்ததும் கணக்கு மாறியது. சீறாப்புராணத்தை ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842இல் அச்சேற்றினார். ஒரு பிரதியை ஆயிரமாக்கலாம் என்ற நிலை வந்தபோது, அந்த ஆயிரம் பிரதிகளை யார் வாங்குவார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் கேள்விக்குத் தமிழ்ப் பதிப்பாளர்கள் கண்டுபிடித்த விடைதான் ‘கையொப்பம்’. நூல் வெளிவருமுன் ஊர் ஊராகப் போய், இன்ன நூல் வரப்போகிறது, இன்ன விலை, எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டுப் பெயரும் கையொப்பமும் வாங்குவார்கள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இப்படிக் கையொப்பம் சேர்க்க அலைந்த கதையைத் தமது ‘என் சரித்திர’த்தில் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு சமண காவியத்தை ஒரு சைவ மடத்தின் மாணவர் பதிப்பித்தார். அந்த நூலுக்கு ஒரே புரவலரின் விருப்பத்தை மட்டும் நம்பியிருந்தால் எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கையொப்பமிட்டவர்கள் பலராக இருந்தபடியால் ஒருவருக்கும் அடங்காமல் அந்த நூல் வெளிவர முடிந்தது.

மறுபக்கமும் உண்டு. ஆ. சிங்காரவேலு முதலியார் ‘அபிதான சிந்தாமணி’ என்ற தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தனியொருவராகத் தொகுத்துவிட்டு அச்சேற்ற ஆதரவு தேடி அலைந்தார். போதிய பேர் முன்வரவில்லை. கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் முன்வந்த பிறகே 1910இல் அது வெளியானது. வாசகர் வராத இடத்தில் புரவலர் வந்தார், நூல் பிழைத்தது. தேவர் போன்ற ஒருவர் வந்து சேராத எத்தனை கையெழுத்துப் பிரதிகள் கறையான் தின்று போயிருக்கும் என்பதையும் நாம் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். அலெக்சாண்டர் போப் ஹோமரின் இலியட்டை மொழிபெயர்த்து 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே சந்தா கட்டினார்கள். பிரபுக்களின் தயவில்லாமல் எழுத்தால் மட்டும் வாழலாம் என்ற நிலையை அந்தக் காசு அவருக்குக் கொடுத்தது. அதே நூற்றாண்டில் சாமுவேல் ஜோன்சன் தமது அகராதித் திட்டத்தை 1747இல் செஸ்டர்பீல்ட் பிரபுவுக்கு முகவரியிட்டு எழுதினார். பிரபு கண்டுகொள்ளவில்லை. அகராதி முடிகின்ற தறுவாயில் பிரபு புகழ்ந்து எழுதத் தொடங்கியதும் ஜோன்சன் 1755இல் அவருக்கு எழுதிய மறுப்புக் கடிதம், புரவலர் காலத்துக்கு எழுதப்பட்ட மரண அறிவித்தல் என்று பேசப்படுவதுண்டு.

‘வாசகர் சங்கம்’ என்ற பெயர்

நமது கல்முனையிலும் இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைக்கப்பட்டது. 1969–70 காலத்தில் எம்.ஏ. நுஃமான் இங்கிருந்து ‘கவிஞன்’ என்ற கவிதைக் காலாண்டிதழை நடத்தினார். அதே காலப்பகுதியில் ‘வாசகர் சங்க வெளியீடு’ என்ற பெயரில் மஹாகவியின் நூல்கள் கல்முனையிலிருந்து வெளியாகின. மஹாகவி அளவெட்டிக்காரர், சைவக் குடும்பத்தவர். அவரது நூல்களை ஒரு முஸ்லிம் ஊரின் சிறு பதிப்பகம் கொண்டுவந்தது. 1971இல் மஹாகவி மறைந்த பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. இன்று ஈழத்து நவீன கவிதை பற்றி எழுதும் எவரும் அந்த மெலிந்த நூல்களைத் தாண்டிப் போக முடியாது.

எனக்கு அந்தப் பெயரில் ஓர் ஈர்ப்பு உண்டு. பதிப்பகத்துக்குக் கலாநிலையம், புத்தகாலயம், பிரசுரம் என்று எத்தனையோ பெயர் வைக்கலாம். இவர்கள் ‘வாசகர் சங்கம்’ என்று வைத்தார்கள். நூலை வெளியிடுபவர் வாசகரே என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அதற்குப் பின்னர் வந்த நாம் அந்த எண்ணத்தை வளர்த்தெடுக்கவில்லை. 1970களில் வீரகேசரிப் பிரசுரம் நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டபோது, பத்திரிகை முகவர்களின் வலையமைப்பு அவற்றைச் சிற்றூர்களுக்கும் கொண்டுபோனது. அந்த வழியும் அடைபட்ட பிறகு மண்டபமும் மாலையும் பொன்னாடையும்தான் மிஞ்சின.

கணக்கைப் பாப்பம்

இனி எழுத்தாளர் பக்கத்துக் கணக்கு. விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்கிறேன். எத்தனை பிரதி அடித்தாலும் மாறாத செலவுகள் சில உண்டு: தட்டச்சு, பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சுத் தகடு. இவற்றுக்கு ஒரு லட்சம் ரூபா என்று வையுங்கள். அதற்கு மேல் கடதாசி, அச்சுக்கூலி, கட்டுக்கூலி சேர்த்து ஒரு பிரதிக்கு 350 ரூபா. முந்நூறு பிரதி அடித்தால் மொத்தம் 2,05,000. ஒரு பிரதி 683 ரூபா விழும். ஆயிரம் அடித்தால் மொத்தம் 4,50,000. ஒரு பிரதி 450 ரூபாதான். அச்சகக்காரர், “ஆயிரமா அடிச்சா மலிவு சேர்” என்று சொல்வார். அவர் சொல்வதிலும் பொய்யில்லை. எழுத்தாளர் ராத்தாவின் நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ ஆயிரம் அடிக்கிறார். விழாவிலும் பிறகுமாக முந்நூறு போகும். மிச்சம் எழுநூறு பிரதிகள் கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, சமையலறைப் பரணில்.

இதே நூலுக்கு 250 பேர் முன்பே தலைக்கு 700 ரூபா தந்து பதிவு செய்திருந்தால் 1,75,000 ரூபா அச்சுக்குப் போகுமுன் கையில் இருக்கும். எழுத்தாளர் தைரியமாக 400 பிரதி அடிக்கலாம். செலவு 2,40,000. மீதி 150 பிரதிகளைக் கடைகளுக்கு 800 ரூபா விலையில் முப்பது வீதம் கழிவோடு கொடுத்தால் 84,000 வரும். மொத்தம் 2,59,000. கடனில்லை, நகை வீட்டிலேயே இருக்கிறது, பரணில் புத்தகமும் இல்லை. பத்தொன்பதாயிரம் ரூபா மிச்சமென்பது எழுதிய கூலிக்குப் போதாதுதான், ஆனாலும் அடுத்த நூலை எழுதத் தொடங்கலாம்.

இந்தக் கணக்கில் பெரிய விஷயம் இலாபம் அல்ல. ‘எத்தனை அடிக்கலாம்’ என்ற கேள்விக்கு அச்சகக்காரரின் ஊகத்துக்குப் பதிலாக வாசகரின் எண்ணிக்கை விடை சொல்கிறது. 2022இல் நாட்டில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அப்படியொரு நாட்டில் வாசிக்கப்படாத எழுநூறு பிரதிகளுக்குக் கடதாசி வாங்குவது வீண்விரயம். வீண்விரயம் பற்றி நமது மார்க்கம் என்ன சொல்கிறதென்று இங்கே நான் விளக்க வேண்டியதில்லை.

எனது முதலாவது கதைத் தொகுதியின் ஐம்பது பிரதிகளை நகரத்துக் கடையொன்றில் வைத்தேன். மூன்று வருடம் நடந்தும் கணக்கு வரவில்லை, புத்தகமும் வரவில்லை. இரண்டாவது தொகுதிக்கு அச்சுக்கு முன்பே பதிவு எடுத்தேன். நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நூல் கிடைத்து இரண்டு கிழமையில் கோல் எடுத்தார். “தம்பி, மூணாவது கதை என்ன சொல்ல வருதெண்டு எனக்கு விளங்கல்ல. நான் காசி குடுத்து வாங்கினவன், கேக்கிற உரிமை எனக்கிருக்கு” என்றார். முக்கால் மணித்தியாலம் பேசினோம். எனது முதல் நூலின் விழாவில் ஆறு பேர் பேசினார்கள். அந்த ஆறு உரைகளிலும் கிடைக்காத வாசிப்பு அந்த ஒரு கோலில் கிடைத்தது. அவர் சொன்ன ‘உரிமை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இலவசப் பிரதி பெற்றவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டார். உறையில் பத்தாயிரம் வைத்துத் தந்தவரும் பயன்படுத்த மாட்டார். முன்னவருக்குக் கூச்சம், பின்னவருக்கு நேரமில்லை.

முன்பதிவு செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. நமது ஊர்களில் எழுதும் பெண்கள் பலர் மண்டபமெடுத்து, அதிதிகளின் வீட்டு வாசலுக்கு அழைப்பிதழோடு போய், மேடையேறி விழா நடத்தும் நிலையில் இல்லை. சிலருக்கு விருப்பமில்லை, சிலருக்கு வீட்டில் விடமாட்டார்கள். விழாதான் ஒரே வழியென்றால் அவர்களின் கையெழுத்துப் பிரதி அலுமாரியிலேயே கிடக்கும். முன்பதிவுக்கு மேடை தேவையில்லை. கட்டாரிலும் சவூதியிலும் தொழில் பார்க்கும் நமது பிள்ளைகள் விழாவுக்கு வர முடியாது, ஆனால் வங்கிக் கணக்குக்கு எழுநூறு ரூபா போட முடியும்.

நூலின் ஆயுளையும் நினையுங்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது, ஓரிடத்தில் மட்டும் இருந்த ஏடுகளும் நூல்களும் திரும்பி வராமல் போயின. 2004 டிசம்பர் 26இல் கடல் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஊருக்குள் வந்தபோது, மையித்துகளைத் தேடிய அந்த நாட்களில் புத்தகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசியிருக்கவும் கூடாது. ஆனால் கரையோர வீடுகளின் அறைகளில் கட்டுக்கட்டாக இருந்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் அன்று போயின. எழுத்தாளரின் ஓர் அறைக்குள் இருக்கும் எழுநூறு பிரதிகளை விட, பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை இருநூறு வீடுகளில் ஒவ்வொன்றாக இருக்கும் பிரதிகள் நூலுக்குப் பாதுகாப்பு.

இல்லாத பொருளை விற்கலாமா?

முன்பதிவு பற்றிப் பேசும்போதெல்லாம் நமது ஆட்கள் கேட்கும் ஒரு கேள்வியுண்டு. “இன்னும் அச்சடிக்காத புத்தகத்துக்குக் காசி வாங்கிறது கூடுமா ஹஸரத்?” கேள்வி நியாயமானது. கையில் இல்லாததை விற்பதைத் தடுக்கும் ஹதீஸ்கள் இருக்கின்றன. ஆனால் அதே ஷரீஆவில் இதற்கென்றே ஒரு வாசலும் திறந்திருக்கிறது. அதன் பெயர் ஸலம்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பின்னால் வரப்போகும் கனிகளுக்கு முன்கூட்டியே காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை நபியவர்கள் தடுக்கவில்லை. அளவும் நிறையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரழி) வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. விவசாயிக்கு விதைக்க முதல் வேண்டும், வாங்குபவருக்கு விலையில் சலுகை வேண்டும். இரண்டு தேவையையும் ஒரே ஒப்பந்தம் தீர்த்தது.

நமது நூல் முன்பதிவு இதற்கு எவ்வளவு கிட்ட நிற்கிறதென்று பாருங்கள். விதைப்பு நெல்லுக்குப் பதிலாகக் கடதாசி, அறுவடைக்குப் பதிலாக வெளியீடு. பொருளைச் செய்துதரச் சொல்லும் இஸ்திஸ்னா ஒப்பந்தத்தை ஹனபி மத்ஹபினர் தனியாக ஏற்கிறார்கள். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாதமியும் அதை அங்கீகரித்தது. நாம் ஷாபிஈகள். நமக்கு இது ஸலமின் நிபந்தனைகளோடு நடக்க வேண்டும்: விலை முழுவதையும் ஒப்பந்த வேளையிலேயே கொடுத்துவிட வேண்டும், பொருளின் தன்மை விவரிக்கப்பட வேண்டும், தவணை தெரிந்திருக்க வேண்டும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வதையும் இதனோடு சேர்க்க வேண்டும். நுணுக்கங்களை உலமாக்கள் விரித்துச் சொல்லட்டும். எனக்குப் படுவது, இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் நல்ல பதிப்பாளர் ஒருவர் இயல்பாகவே செய்ய வேண்டிய காரியங்கள் என்பதுதான்.

சமூகத்துக்கும் இது புதிதில்லை. மருதமுனை நெசவாளரிடம் பெருநாளைக்குச் சாரமோ சேலையோ சொல்லி வைக்கும்போது தறியில் நூல்கூட ஏறியிருக்காது. உழ்ஹிய்யாவுக்கு ஏழு பேர் பங்குக் காசைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் மாடு வாங்கப்படுகிறது. சேலைக்கும் மாட்டுக்கும் நம்பிக் காசு கொடுக்கும் அதே கை, புத்தகம் என்றதும் மடிக்குள் போய்விடுகிறது. “வரட்டும் தம்பி, வந்தாப் பொறகு எடுப்பம்.”

எதிர்ப்பக்க நியாயங்கள்

அந்தத் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. முன்காசு வாங்கிவிட்டு நூல் வராமல் போன சங்கதிகள் ஒவ்வோர் ஊரிலும் ஒன்றிரண்டு உண்டு. ஆண்டுச் சந்தா வாங்கிய சஞ்சிகை இரண்டாவது இதழோடு நின்றதும் உண்டு. ஒருவர் செய்த குற்றம் பத்துப் பேரின் நூலுக்கு வழியடைத்துவிடும். நெல் விவசாயி போடிக்கும் முதலாளிக்கும் முன்கூட்டியே நெல்லைப் பேசிக் கொடுத்துவிட்டு அறுவடையில் அழுவதைப் பார்த்த சமூகம் இது. முற்பணம் என்ற சொல்லே நமக்குக் கசப்பாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது நியாயம்: முன்பதிவு பிரபலமானவருக்குத்தான் வேலை செய்யும். தமிழ்நாட்டில் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக எழுதிய வெண்முரசின் சிறப்புப் பதிப்புகளுக்கு வாசகர்கள் முன்பணம் கட்டினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முன்பதிவுகள் முதல் வார விற்பனையில் சேர்க்கப்படுவதால் பட்டியலில் மேலே வருவதற்கு அவை உதவுகின்றன. பாலமுனையில் முதல் கவிதைத் தொகுதி போடும் ஒரு பிள்ளைக்கு யார் முன்பணம் கட்டுவார்கள்? இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஐம்பது பேர் பதிவு செய்தால் ஐம்பது பேருக்கான நூலை இன்றைய டிஜிட்டல் அச்சில் போடலாம். அந்த ஐம்பது பேரும் உண்மையான ஐம்பது வாசகர்கள். பொன்னாடை போர்த்திய விழாவுக்குப் பிறகு அத்தனை வாசகர்களை எண்ணிக் காட்ட முடியுமா?

மூன்றாவது நியாயம்: வாசகர் காசு கொடுத்தால் வாசகருக்குப் பிடித்ததைத்தான் எழுத வேண்டிவருமே என்பது. ஒரு புரவலரின் விருப்பத்தை விட இருநூறு பேரின் விருப்பம் விரிந்தது. இருநூறு பேர் ஒரே கருத்தில் இருக்கவும் மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் எழுத்தாளர் மூச்சு விடுகிறார்.

செய்யக்கூடியவை

பெரிய நிறுவனம் தேவையில்லை. ஊரிலுள்ள ஒரு வாசகர் வட்டமோ, பள்ளிவாசல் நூலகமோ, பாடசாலைப் பழைய மாணவர் சங்கமோ அமானத்தாகக் காசைப் பொறுப்பேற்கலாம். எழுத்தாளரின் கையில் நேரடியாகக் காசு போவதால் வரும் சந்தேகம் அதனால் தீரும். அறிவித்தலில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எத்தனை பக்கம், என்ன விலை, எந்தத் திகதிக்குள் கிடைக்கும், கிடைக்காவிட்டால் காசு எப்போது திரும்பும். நூலின் ஒரு கதையோ ஓர் அத்தியாயமோ மாதிரியாக முன்பே வாசகர் கைக்குப் போக வேண்டும், அதைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். பதிவு செய்தோரின் பெயர்களை, அவர்கள் விரும்பினால், நூலின் பின்பக்கங்களில் அச்சிடலாம். பதினைந்து பக்க வாழ்த்துரைகளுக்குப் பதிலாக இரண்டு பக்க வாசகர் பட்டியல் இருந்தால், ஐம்பது வருடம் கழித்து நமது வாசிப்பு வரலாற்றை எழுதப்போகும் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவருக்கு அது ஓர் ஆவணம்.

புரவலர்களுக்கும் இதில் இடமுண்டு. உறையில் காசு வைத்து மேடையில் ஒரு பிரதி பெறுவதற்குப் பதிலாக, இருபது பிரதிகளுக்கு முன்பதிவு செய்து அவற்றை ஊர்ப் பாடசாலை நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லலாம். கொடுக்கும் தொகை அதேதான். நூல் இருபது அலுமாரிகளுக்குப் போய்ச் சேரும். விழாவும் நடக்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நூலை முன்பே பதிவு செய்து வாசித்துவிட்டு வந்த நாற்பது பேர் சபையில் இருக்கும்போது மேடையிலுள்ளவர் வாசிக்காமல் பேச முடியாது. அந்த ஒரு மாற்றமே நமது நூலாய்வுகளைத் திருத்திவிடும்.

இச்சஞ்சிகை போன்ற காலாண்டிதழ்கள் ஒவ்வோர் இதழிலும் ஒரு பக்கத்தை ‘வரவிருக்கும் நூல்கள்’ என்று ஒதுக்கி, முன்பதிவு விவரங்களையும் ஒரு மாதிரிப் பகுதியையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நூல் குறித்த தவணையில் வந்ததா, வாக்களித்த பக்கமும் தரமும் இருந்ததா என்பதை அடுத்த இதழில் எழுதவும் வேண்டும். வாக்கை மீறியவரின் அடுத்த அறிவித்தலைப் போடக் கூடாது. இந்தக் கண்டிப்பு இருந்தால் ஓரிரு வருடத்தில் நம்பிக்கை வளரும், இன்ஷா அல்லாஹ். தொடக்கத்துக்கு ஒரு நூல் போதும். இந்தக் கரையில் கையெழுத்துப் பிரதியோடு காத்திருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் நூல் எப்போது வருமென்று கேட்பதோடு நிறுத்தாமல், எனக்கொரு பிரதி எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி விலையையும் கொடுத்துவிடுங்கள்.